மலிவு விலை மின்சாரக் கார்: வாங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

இங்கே பேசப்போவது சின்ன உடலும் சின்ன பேட்டரியும் கொண்ட, விலைப் பட்டியலின் அடிவரிசையில் இருக்கும் மின்சாரக் கார்களைப் பற்றி. டாசியா ஸ்பிரிங், டாடா டியாகோ இ.வி., பி.ஒய்.டி. சீகல், வூலிங்கின் குட்டிக் கார் போன்றவை. விலையும் கட்டணமும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் பணத்தொகை எதுவும் கொடுக்கவில்லை. கணக்கெல்லாம் லிட்டரிலும் யூனிட்டிலும்தான். உங்கள் ஊர் விலையை அதில் போட்டுக்கொள்ளுங்கள். யூனிட் என்றால் மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி.

இவ்வளவு குறைந்த விலைக்கு எப்படிக் கொடுக்க முடிகிறது?

முதல் காரணம் பேட்டரி. நிசான் லீஃப் 2010 இறுதியில் விற்பனைக்கு வந்தபோது காரின் விலையில் கணிசமான பங்கு அதன் 24 யூனிட் பேட்டரிக்கே போனது. அப்போதிருந்து லித்தியம் பேட்டரியின் விலை சுமார் பத்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. மலிவு கார்களில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. எல்.எஃப்.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1990களில் ஜான் குட்இனஃபின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த வேதியியல் இது. லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இதில் நிக்கலும் கோபால்ட்டும் கிடையாது. அந்த இரண்டும்தான் மற்ற வகை பேட்டரிகளின் விலையை ஏற்றுபவை. கிலோவுக்குக் கிடைக்கும் மின்சாரம் சற்றுக் குறைவு, ஆனால் மலிவு, நீண்ட நாள் உழைக்கும்.

இரண்டாவது காரணம், எதை எடுத்துவிட்டார்கள் என்பது. 2020இல் வந்த வூலிங் ஹோங்குவாங் மினியின் அடிப்படை மாடலில் 9.2 யூனிட் பேட்டரிதான். வேக சார்ஜ் வசதியே இல்லை. அதுதான் சக்கைப்போடு போட்டது. எடுத்துவிட்டவற்றில் சில உங்களுக்குத் தேவையே இருக்காது. சில, வாங்கிய மூன்றாம் மாதம் உறுத்தும். எது எந்தப் பக்கம் என்பதை ஷோரூமில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

செலவு குறைவு என்கிறார்களே, எவ்வளவு குறைவு?

ஒரு சின்ன மின்சாரக் கார் நகரத்தில் ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. போகும். சார்ஜ் போடும்போது 10 முதல் 15 சதவீதம் வரை வீணாகும். அதையும் சேர்த்தால் சுவர் மீட்டரில் ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 6 கி.மீ. அதே அளவுள்ள பெட்ரோல் கார் நெரிசலில் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் என்று வைப்போம். ஆக, ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலையை இரண்டரை யூனிட் மின்சாரம் செய்கிறது. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 800 லிட்டர் பெட்ரோல் அல்லது 2,000 யூனிட் மின்சாரம் தேவை. இப்போது உங்கள் ஊரில் ஒரு லிட்டர் பெட்ரோல் விலைக்கு எத்தனை யூனிட் கிடைக்கும் என்று பாருங்கள். 10 யூனிட் கிடைத்தால், ஆண்டு மின்செலவு 200 லிட்டர் பெட்ரோலின் விலைதான். 600 லிட்டர் மிச்சம். 4 யூனிட்தான் கிடைக்கும் என்றால் செலவு 500 லிட்டர், மிச்சம் 300. வெறும் இரண்டரை யூனிட் என்றால் மிச்சம் ஒன்றுமில்லை. மின்சாரக் கார் மலிவு, மலிவில்லை என்று அடித்துக்கொள்ளும் இருவரும் சரியாகவே பேசிக்கொண்டிருக்கலாம். இருவரின் ஊர் மட்டும் வேறு.

இதில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. மின்கட்டணம் படிப்படியாக ஏறும் இடங்களில் காருக்குப் போகும் யூனிட்டுக்கு ரசீதின் சராசரி விலையைப் போடக்கூடாது. விளக்கும் விசிறியும் பிரிட்ஜும் கீழ்ப்படிகளை ஏற்கெனவே நிரப்பிவிட்டன. கார் இழுப்பதெல்லாம் மேல்படியில்தான் விழும். அந்த மேல்படி விலையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மின்சாரக் காருக்குத் தனி மீட்டரும் தனிக் கட்டணமும் தரும் இடங்களும், இரவில் விலை குறையும் இடங்களும் இருக்கின்றன. கார் பார்க்கப் போகும் முன் மின் அலுவலகத்தில் இதை விசாரித்துவிடுவது நல்லது.

எரிபொருளை இவ்வளவு மிச்சம் பிடிப்பது எப்படி?

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் நான்கில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போனாலே பெரிது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாக வெளியேறும். மின்மோட்டாரில் அந்த வீணடிப்பு மிகக் குறைவு. போதாததற்கு, வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். மலையிலிருந்து இறங்கும்போது பார்த்தால் தெரியும்: மேலே ஏறும்போது மளமளவென்று கரைந்த சதவீதம், இறங்க இறங்க ஒன்று இரண்டாக ஏறிக்கொண்டிருக்கும். போனது முழுதும் திரும்பாது, ஆனாலும் பார்க்கச் சுகமாக இருக்கும்.

சிக்னலில் நிற்கும்போது மோட்டாருக்குச் செலவே இல்லை. நெரிசல் மிகுந்த சாலையில் இரண்டு கார்களுக்கும் உள்ள வித்தியாசம் அதிகமாவதும் நெடுஞ்சாலையில் குறைவதும் இதனால்தான்.

ஓட்ட எப்படி இருக்கும்? மலிவு கார்தானே?

இந்தக் கார்களை வாங்கியவர்கள் முதலில் பேசுவது செலவைப் பற்றி அல்ல, இதைப் பற்றித்தான். கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை. காலை வைத்தவுடன் முழு இழுவிசையும் கிடைப்பதால், குதிரைத்திறன் எண்ணில் சாதுவாகத் தெரியும் மோட்டார்கூட சிக்னலிலிருந்து சுறுசுறுப்பாகக் கிளம்பும். 60 கி.மீ. வேகம் வரைதான் இந்தக் குஷி. அதற்கு மேல் சின்ன மோட்டாரின் தம் குறையும். நெடுஞ்சாலையில் லாரியை முந்தக் கொஞ்சம் இடம் பார்த்துத்தான் போக வேண்டும்.

அதிர்வு இல்லை. நின்றபடி ஏ.சி. போட்டுக்கொள்ளலாம், கூடத்தில் ஓடும் ஏ.சி. அளவுக்கு மின்சாரம் எடுக்கும், புகை வராது. ஆனால் இன்ஜின் சத்தம் போய்விட்டதால் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் பிளாஸ்டிக் கிறீச்சிடுவதும் காதில் நன்றாகவே விழும். சத்தத்தைத் தடுக்கும் பொருள்களில் கைவைத்துத்தான் பல மலிவு கார்கள் விலையைக் குறைக்கின்றன.

சொந்தப் பார்க்கிங்கில் சார்ஜ் போட வசதி இல்லை. வாங்கலாமா?

வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ இரண்டில் ஒன்றில்கூட வசதி இல்லையென்றால், அவசரப்பட வேண்டாம் என்பதே என் பதில். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

பொது வேக சார்ஜரில் ஒரு யூனிட்டின் விலை வீட்டு விலையைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று இருப்பது சகஜம். மேலே பார்த்த கணக்கில், 10 யூனிட் கிடைக்கும் ஊரில் மூன்று மடங்கு விலைக்கு சார்ஜ் போட்டால் 2,000 யூனிட்டுக்கு 600 லிட்டர் பெட்ரோலின் விலை ஆகிவிடும். 600 லிட்டராக இருந்த மிச்சம் 200 லிட்டராகச் சுருங்கிவிட்டது. பணத்தோடு நேரமும் போகும். விலை உயர்ந்த கார்கள் 20, 25 நிமிடத்தில் முடிக்கும் வேலைக்கு, மெதுவாக மின்சாரம் ஏற்கும் சின்னக் கார்கள் முக்கால் மணி, ஒரு மணி நேரம் எடுக்கும். பேட்டரி சின்னது என்பதால் அடிக்கடி போகவும் வேண்டும். வாரம் இரண்டு முறை அப்படி உட்கார்ந்திருப்பது முதல் மாதம் ஜாலியாக இருக்கலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் காருக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை கேபிள் எந்த வழியாகப் போகும், செலவு யாருடையது என்ற இரண்டும் தெளிவாக இருக்கட்டும்.

வீட்டில் சாதாரண பிளக் போதுமா, தனி சார்ஜர் பெட்டி மாட்ட வேண்டுமா?

230 வோல்ட் இருக்கும் இடங்களில் ஏ.சி., கீசர் போடும் 15 அல்லது 16 ஆம்பியர் பிளக்கே பெரும்பாலானவர்களுக்குப் போதும். அது மணிக்குச் சுமார் 3 யூனிட் கொடுக்கும். தினம் 50 கி.மீ. ஓட்டினால் 8, 9 யூனிட் வேண்டும். மூன்று மணி நேர வேலை. 24 யூனிட் பேட்டரி காலியானால்கூட, மாலையில் செருகினால் காலைக்குள் நிரம்பிவிடும். சுவரில் மாட்டும் 7 கிலோவாட் பெட்டி, ஒரே நாளில் இரண்டு முறை நீண்ட தூரம் போகிறவர்களுக்கும், மின்கட்டணம் குறையும் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியவர்களுக்கும் உதவும்.

ஆனால் பிளக் எப்படிப்பட்டது என்பது முக்கியம். கீசர் அரை மணி நேரம் ஓடி நின்றுவிடும். கார் எட்டு மணி நேரம் ஒரே மூச்சில் முழு மின்சாரத்தையும் இழுக்கும். அதனால் மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த் மூன்றும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ, பிளாஸ்டிக் நாற்றம் வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். உள்ளே எங்கோ வயர் தளர்வாக இருக்கலாம். எர்த் சரியில்லாத இடத்தில் பல கார்கள் சார்ஜ் ஏற்கவே மறுக்கும். இது தெரியாமல், கார் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுபவர்கள் உண்டு.

300 கி.மீ. போகும் என்று விளம்பரம் சொல்கிறது. நம்பலாமா?

எந்த சோதனையின்படி 300 என்று கேளுங்கள். சீனாவின் சி.எல்.டி.சி. சோதனை மிகத் தாராளமானது. ஐரோப்பாவின் டபிள்யூ.எல்.டி.பி. ஓரளவு யதார்த்தமானது. அமெரிக்காவின் இ.பி.ஏ. கண்டிப்பானது. ஒரே காருக்கு மூன்றும் மூன்று எண் கொடுக்கும். நகர ஓட்டத்தில் விளம்பர எண்ணில் நான்கில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்வது பத்திரமான கணக்கு.

நெடுஞ்சாலையில் அதிலும் குறையும். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். உயரமாக, பெட்டிபோல நிற்கும் சின்னக் கார்களுக்கு இது பெரிய அடி. ஏ.சி. அவ்வளவாகத் தின்னாது. கடும் குளிரில் ஹீட்டர்தான் வில்லன். பெட்ரோல் காரில் இன்ஜினின் வீண் வெப்பம் இலவசமாகக் கிடைத்தது, இங்கே அதற்கும் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். குறைந்த மின்சாரத்தில் சூடேற்றும் ஹீட் பம்ப் என்ற கருவி மலிவு மாடல்களில் இருப்பதும் அபூர்வம். உறைபனிக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் குறைந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

அதற்காகப் பெரிய பேட்டரிதான் வேண்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆண்டுக்கு நாலு முறை போகும் நீண்ட பயணத்துக்காக, மீதி நாளெல்லாம் கூடுதல் எடையையும் கூடுதல் கடன் தவணையையும் இழுத்துக்கொண்டு திரிவது புத்திசாலித்தனமா? அந்த நாலு நாளுக்கு ரயிலோ வாடகைக் காரோ போதும் என்றால், சின்ன பேட்டரியே லாபம்.

பேட்டரி எத்தனை வருஷம் வரும்? மாற்றினால் காரின் விலை ஆகிவிடுமாமே?

இன்றைய பேட்டரிகள் சராசரியாக ஆண்டுக்கு 2 சதவீதம் அளவுக்குத் திறன் இழக்கின்றன. பெரும்பாலான நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன, அதற்குள் திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அவர்கள் பொறுப்பு. செல்போன் பேட்டரி இரண்டு வருஷத்தில் படுத்துவிடுகிறதே என்று இதையும் அப்படி எடைபோடுவது தவறு. காரில் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் கண்காணிக்கத் தனிக் கணினி இருக்கிறது. பேட்டரி முழுக்க நிரம்பாமலும் முழுக்கக் காலியாகாமலும் இருக்க மேலேயும் கீழேயும் கொஞ்சம் இடமும் விட்டுவைப்பார்கள்.

வெப்பம்தான் எதிரி. பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சி இல்லாத முதல் தலைமுறை லீஃப்கள் வெயில் கொளுத்தும் இடங்களில் வேகமாகத் திறன் இழந்தது தொழில்துறைக்கு ஒரு பாடமானது. இப்போதும் சில மலிவு கார்கள் காற்றுக் குளிர்ச்சியோடுதான் வருகின்றன. வெயில் அதிகமுள்ள இடத்தில் இருப்பவர்கள் வாங்கும் முன் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

வாரண்டி முடிந்து முழு பேட்டரியையும் மாற்ற நேர்ந்தால், காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு, சில மாடல்களில் அதற்கும் மேலே போகும். பெரிய தொகைதான். ஆனால் பழுது பெரும்பாலும் பேட்டரிக்குள் இருக்கும் ஒன்றிரண்டு செல் தொகுதிகளில்தான் வரும். அதை மட்டும் பிரித்து மாற்றும் பட்டறைகளும் பெருகி வருகின்றன.

100 சதவீதம் வரை சார்ஜ் போடலாமா?

எல்.எஃப்.பி. என்றால் தாராளமாகப் போடலாம். வாரம் ஒரு முறையாவது முழுதாக ஏற்றச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு, இல்லையென்றால் சதவீதக் கணக்கு தடுமாறும். நிக்கல் கலந்த பேட்டரி என்றால் அன்றாடத்துக்கு 80 போதும், நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் 100. எந்த வகையானாலும் முழு சார்ஜோடு வெயிலில் நாள்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

சர்வீஸ் செலவு?

குறைவு. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், கிளட்ச், சைலன்சர் எதுவும் இல்லை. ஏ.சி. ஃபில்டர், பிரேக் திரவம், குளிர்விக்கும் திரவம், வைப்பர், டயர் சுழற்சி, அவ்வளவுதான். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேட் பல ஆண்டு வரும். இதில் ஒரு வேடிக்கை: தேய்வதற்குப் பதில் பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும். அவ்வப்போது காலியான சாலையில் நன்றாக அழுத்திப் பிரேக் போட்டால் துரு உதிர்ந்துவிடும்.

நடுவழியில் நிற்க வைப்பது பெரும்பாலும் பெரிய பேட்டரி அல்ல. எல்லாக் கார்களிலும் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி இதிலும் இருக்கிறது. அது செத்துப்போனால் கதவுப் பூட்டும் திரையும் வேலை செய்யாது, 90 சதவீத சார்ஜோடு கார் சும்மா நிற்கும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றிவிடுவது மலிவான காப்பீடு.

யாரும் சொல்லாத செலவுகள் உண்டா?

உண்டு. டயர் சீக்கிரம் தேயும். காரின் எடையும் கூடுதல், கிளம்பும் வேகமும் கூடுதல். இன்ஷூரன்ஸ் பிரீமியம் அதே அளவு பெட்ரோல் காரைவிடப் பல இடங்களில் அதிகம், ஏனென்றால் அடியில் அடிபட்டால் பேட்டரியையே மாற்றச் சொல்கிறார்கள். வீட்டு வயரிங் செலவும் சேரும். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரியது மறுவிற்பனை மதிப்பு. புது மாடல்கள் குறைந்த விலையில் கூடுதல் தூரத்தோடு வந்துகொண்டே இருப்பதால் பழைய மின்சாரக் காரின் விலை வேகமாகச் சரிகிறது. எரிபொருளில் மிச்சம் பிடித்ததை மூன்றாம் வருஷம் காரை விற்கும்போது மொத்தமாக விட்டுவிட முடியும். ஏழெட்டு வருஷம் வைத்து ஓட்டுபவருக்கு இந்தக் கவலை குறைவு. அடிக்கடி கார் மாற்றுகிறவர்கள் குத்தகைக்கு எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

வாரக் கடைசியில் மட்டும்தான் ஓட்டுவேன். லாபமா?

பணக் கணக்கில் சந்தேகம்தான். மிச்சம் என்பது ஓடிய கிலோமீட்டரிலிருந்து மட்டுமே வரும். ஆண்டுக்கு 4,000 கி.மீ. ஓட்டினால் மேலே பார்த்த 600 லிட்டர் மிச்சம் 200 ஆகிவிடும். பெட்ரோல் காரைவிட நீங்கள் கூடுதலாகக் கொடுத்த தொகையை அந்த ஆண்டு மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். விடை பத்து ஆண்டைத் தாண்டினால் பணத்துக்காக வாங்க வேண்டாம், பிடித்திருந்தால் வாங்குங்கள். மலிவு மின்சாரக் கார் நன்றாகப் பொருந்துவது தினமும் 40 முதல் 80 கி.மீ. வரை ஒரே பாதையில் போய்வந்து, இரவில் சொந்த இடத்தில் நிறுத்துகிறவருக்குத்தான். அரசு மானியம் உண்டென்றால் அது இன்றைக்கு உண்டா என்று பார்த்துக் கணக்கில் சேருங்கள். அடுத்த ஆண்டும் இருக்கும் என்று நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

தீப்பிடிக்கும், மழைநீரில் ஷாக் அடிக்கும் என்கிறார்களே?

இதுவரை கிடைத்த விவரங்களின்படி பெட்ரோல் கார்களைவிட மின்சாரக் கார்கள் தீப்பிடிப்பது குறைவு. பிடித்தால் அணைப்பது கடினம் என்பதும் உண்மை, அணைந்த தீ மறுபடி பற்றலாம். எல்.எஃப்.பி. மற்றவற்றைவிட வெப்பத்தைத் தாங்கும். பேட்டரிப் பெட்டிகள் பெரும்பாலும் ஐ.பி.67 தரத்தில் வருகின்றன, அதாவது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும்படி சோதிக்கப்பட்டவை. ஆழமில்லாமல் தேங்கிய மழைநீரில் போக அது போதும். வெள்ளத்தில் ஒரு நாள் மூழ்கிய காரை மட்டும் நீங்களே ஸ்டார்ட் செய்யவோ சார்ஜில் போடவோ கூடாது.

இன்னும் விலை குறையும்வரை காத்திருக்கலாமா?

குறையும். சோடியம் அயனி பேட்டரியும் வந்துகொண்டிருக்கிறது. எடைக்குத் தரும் ஆற்றல் குறைவு, ஆனால் மூலப்பொருள் மலிவு, குளிரைத் தாங்கும். அதற்காக மாதாமாதம் பெட்ரோலுக்குக் கொட்டிக்கொண்டு காத்திருப்பதும் செலவுதான். இப்போதிருக்கும் கார் நன்றாக ஓடி, ஓட்டமும் குறைவென்றால் காத்திருங்கள். தினம் நிறைய ஓட்டுகிறீர்கள், சார்ஜ் போட இடமும் இருக்கிறது என்றால் காத்திருந்து ஆவது ஒன்றுமில்லை.

பழைய மின்சாரக் கார் வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

விலைச் சரிவு விற்பவருக்கு நட்டம், உங்களுக்கு லாபம். மூன்று நான்கு வருஷம் ஓடிய, வாரண்டி பாதி மிச்சமுள்ள எல்.எஃப்.பி. கார் கிடைத்தால் விடாதீர்கள்.

மீட்டரில் ஓடிய தூரத்தைவிட பேட்டரியின் நலம்தான் முக்கியம். சர்வீஸ் சென்டரில் பேட்டரி அறிக்கை எடுத்துக்கொடுக்கச் சொல்லுங்கள். புதிதில் இருந்த திறனில் 90 சதவீதத்தைச் சுற்றி இருந்தால் நல்லது. அறிக்கை கிடைக்கவில்லையென்றால் முழு சார்ஜ் போட்ட காரை எடுத்து, 100இலிருந்து 50 சதவீதம் வரும்வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள். அந்தத் தூரத்தை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் அந்தக் காரின் உண்மையான தூரம். 80இலிருந்து 60க்குச் சட்டென்று இறங்கினால் ஏதோ ஒரு செல் தொகுதி பலவீனமாக இருக்கலாம். காரை லிஃப்டில் ஏற்றி அடியில் பேட்டரிப் பெட்டியில் நசுங்கல், கீறல் உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சார்ஜ் கேபிள் கூடவே வருகிறதா, சார்ஜ் துளையின் ஊசிகள் கருகாமல் இருக்கின்றனவா என்பதையும். வாரண்டி புது உரிமையாளர் பெயருக்கு மாறுமா என்று நிறுவனத்திடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சில நிறுவனங்களில் முதல் உரிமையாளருக்கு ஒரு வாரண்டி, அடுத்தவருக்கு வேறு.